கத்தியா ஊசியா? அப்பாவோட லிவர் கட்டிக்கு எந்த வழி

வாசகி எழுதினது: "டாக்டர், எங்கப்பாவுக்கு 63 வயசு. ஹெபடைடிஸ் பி ரொம்ப வருஷமா உள்ள இருந்திருக்கு, எங்களுக்கே போன மாசம்தான் தெரிஞ்சது. லிவர் சுருங்கிப் போயிருக்குன்னாங்க. ஸ்கேன்ல வலது பக்கம் நல்ல ஆழத்துல 2.8 செ.மீ.ல ஒரே ஒரு கட்டி, பெரிய ரத்தக்குழாய் ஒன்ன ஒட்டி இருக்கு, கேன்சர்தான்னு உறுதியா சொல்லிட்டாங்க. பிலிருபின் 1.1, ஆல்புமின் 3.7, ஐஎன்ஆர் 1.2, பிளேட்லெட் 88 ஆயிரம். மண்ணீரல் கொஞ்சம் பெருசு, வயித்துல நீர் இல்ல. எண்டோஸ்கோப்பியில உணவுக்குழாய்ல சின்னதா நரம்பு வீங்கியிருக்குன்னு போட்டிருக்கு. ஒரு சர்ஜன் வெட்டி எடுத்துடலாம்ங்கிறாரு. இன்னொரு டாக்டர் ஊசி மாதிரி ஒன்ன உள்ள விட்டு கட்டிய சுட்டுடலாம்ங்கிறாரு. தம்பி 'வேரோட பிடுங்கினாதான் போகும், ஊசியெல்லாம் ஒப்புக்கு'ங்கிறான். எனக்கு அப்பாவ வெட்டக் கொடுக்க பயமா இருக்கு. அப்பாகிட்ட இன்னும் கேன்சர்னு சொல்லல. எது சரின்னு சொல்லுங்க."

வணக்கம்மா. உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். நம்பர் எல்லாத்தையும் ஒழுங்கா எழுதியிருக்கீங்க, நிறைய பேர் "லிவர்ல கட்டி, என்ன பண்ணலாம்"னு ஒரே வரியில கேட்டுட்டு விட்டுடுவாங்க, அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கே தெரியாது. முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், நான் லிவர் சர்ஜன். வெட்டுறதுதான் என் வேலை. அப்படி இருந்தும் நீங்க எழுதியிருக்கிறத வெச்சுப் பாத்தா உங்கப்பாவுக்கு நான் முதல்ல யோசிக்கிறது ஊசி வழியதான். ஆனா நீங்க சொல்ற காரணத்துக்காக இல்ல. "வெட்டக் கொடுக்க பயமா இருக்கு"ங்கிறது புரியுது, ஆனா பயத்த வெச்சு வழிய தேர்ந்தெடுக்க வேண்டாம், தம்பி சொல்ற "வேரோட"ங்கிற வார்த்தைய வெச்சும் வேண்டாம்.

அந்த வேர்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா எங்க ஓபிக்கு வர்ற பாதி குடும்பத்துல இந்த சண்டைதான். உங்கப்பாவுக்கு வந்திருக்கிறது லிவர் செல்லுலயே பொறந்த கேன்சர், வேற எங்கயோ ஆரம்பிச்சு லிவருக்குப் பரவினது இல்ல. இந்த வகை பெரும்பாலும் நல்ல லிவர்ல வர்றதில்ல. வைரஸோ மதுவோ கொழுப்போ வருஷக்கணக்கா புண்ணாக்கி, புண்ணு ஆறி தழும்பாகி, திரும்ப புண்ணாகி, கடைசியில லிவர் முழுக்க முடிச்சு முடிச்சா சுருங்கினதுக்கப்புறம் அந்த முடிச்சுல ஒன்னு கேன்சரா மாறுது. அப்ப வேர் எங்க இருக்கு? கட்டிக்குள்ள இல்ல. அது முளைச்ச மண்ணுலதான் இருக்கு, அந்த மண்ணுதான் மீதி லிவர். இந்த மாதிரி லிவர்ல கட்டிய எவ்ளோ சுத்தமா வெட்டி எடுத்தாலும் 5 வருஷத்துக்குள்ள 70 சதவீதம் பேர் வரைக்கும் லிவர்ல எங்கயாவது திரும்ப வருது. இத உங்கள பயமுறுத்த சொல்லல. சர்ஜரி பண்ணினா கத முடிஞ்சிடும், ஊசி போட்டா பாதிதான்னு தம்பி போட்டிருக்கிற கணக்கு தப்புன்னு காட்டத்தான் சொல்றேன்.

அடுத்தது, ரெண்டுன்னு நீங்க எழுதியிருக்கிறது உண்மையில மூணு. வயித்த பெருசா திறந்து பண்றது ஓபன் சர்ஜரி. நாலஞ்சு சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்றது லேப்ராஸ்கோப்பி. இந்த லேப்ராஸ்கோப்பிய நிறைய பேர் "ஆபரேஷன் இல்ல, சும்மா ஓட்டைதான்"னு நெனச்சுக்கிறாங்க. வெளிய காயம் சின்னது, வலி கம்மி, ரத்த சேதம் கம்மி, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், எல்லாம் நிஜம். ஆனா உள்ள லிவர்லேர்ந்து வெட்டி எடுக்கிற துண்டு அதே அளவுதான், லிவர் இழக்கிறதும் அதேதான். மூணாவதுதான் அப்லேஷன். அல்ட்ராசவுண்டோ சிடியோ பாத்துக்கிட்டே தோல் வழியா ஒரு மெல்லிசான ஊசிய கட்டி நடுவுக்கு கொண்டு போய் சூடாக்கி அங்கயே கொல்றது. 60 டிகிரிக்கு மேல போனா செல் உடனே செத்துடும். கட்டிய மட்டும் சுட்டா போதாது, சுத்தி அரை செ.மீ.லேர்ந்து ஒரு செ.மீ. வரைக்கும் நல்ல லிவரையும் சேத்து சுடணும், அதுதான் நாங்க மார்ஜின்னு சொல்றது. ரேடியோ அலையில பண்ணினா ஆர்எஃப்ஏ, மைக்ரோவேவ்ல பண்ணினா மைக்ரோவேவ் அப்லேஷன்.

இப்ப எது பெருசுங்கிற கேள்வி. இத ஆராய்ச்சியிலயே அடிச்சுக்கிட்டாங்கம்மா. 2006ல சீனாவில 5 செ.மீ. வரைக்கும் ஒத்தக் கட்டி உள்ள 180 பேர குலுக்கல் மாதிரி ரெண்டாப் பிரிச்சுப் பாத்தாங்க, உயிரோட இருக்கிற காலத்துல வித்தியாசம் இல்லன்னு வந்துச்சு. 2010ல அதே சீனாவில 230 பேர வெச்சு வேற குழு பண்ணினாங்க, அதுல சர்ஜரி தெளிவா ஜெயிச்சுது. அப்புறம் ஜப்பான்ல சர்ஃப் ட்ரையல்னு ஒன்னு, சுமார் 300 பேர், 3 செ.மீ.க்கு உள்ள, 3 கட்டி வரைக்கும், லிவர் ஓரளவு நல்லா வேல செய்றவங்க. அதுல உயிர்வாழ்ற காலமும் சரி, கேன்சர் திரும்பாம இருக்கிற காலமும் சரி, சர்ஜரிக்கும் ஆர்எஃப்ஏவுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் தெரியல. இது எல்லாத்தையும் சேத்து வெச்சுப் பாத்தா எனக்குப் புரியறது, கட்டி 3 செ.மீ.க்கு உள்ள இருந்தா ரெண்டும் ஏறக்குறைய சமம், 2 செ.மீ.க்கு உள்ளன்னா அப்லேஷனையே முதல்ல வெக்கலாம், 3ஐத் தாண்டத் தாண்ட சர்ஜரி பக்கம் தராசு சாயுது, 5ஐத் தாண்டினா அப்லேஷன மட்டும் நம்பி இறங்க மாட்டேன். உங்கப்பாவோடது 2.8, அதாவது கோட்டுக்கு கொஞ்சம் இந்தப் பக்கம். அதனாலதான் ரெண்டு டாக்டரும் ரெண்டு விதமா சொல்றாங்க, யாரும் உங்கள ஏமாத்தல.

அப்ப எத வெச்சு முடிவு பண்றது? கட்டிய விட்டுட்டு மீதி லிவரப் பாக்கணும். உங்கப்பா நம்பர்ஸ, லிவர் எவ்ளோ நல்லா வேல செய்யுதுன்னு காட்டுற சைல்ட் பியூன்னு ஒரு கணக்குல போட்டுப் பாத்தேன். பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையறத அளக்கிற ஐஎன்ஆர், வயித்துல நீர், மூளைக் குழப்பம்னு அஞ்சு விஷயத்துக்கு மார்க். அப்பாவுக்கு 5 வருது. 5ம் 6ம் ஏ கிரேடு, 5ன்னா இருக்கிறதுலயே நல்ல மார்க். அந்த சர்ஜன் இத பாத்துத்தான் தைரியமா சொல்லியிருப்பாருன்னு நினைக்கிறேன். ஆனா இந்தக் கணக்கு பாதி உண்மைதான் சொல்லும். மீதி பாதி நீங்க எழுதின பிளேட்லெட்லயும் மண்ணீரல்லயும் உணவுக்குழாய்லயும் இருக்கு. குடல்லேர்ந்து லிவருக்கு ரத்தம் கொண்டு வர்ற போர்ட்டல் வெயின்ல ப்ரெஷர் ஏறிடுச்சுன்னா ரத்தம் வழி கிடைக்காம மண்ணீரல்ல தேங்குது, மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்ட முழுங்குது, சுத்து வழியா போற ரத்தம் உணவுக்குழாய் நரம்ப வீங்க வெக்குது. பிளேட்லெட் 88 ஆயிரம், மண்ணீரல் பெருசு, நரம்பு வீக்கம், மூணும் ஒரே விஷயத்ததான் சொல்லுது. உங்கப்பா லிவர் ரிப்போர்ட்டுல பாஸாகுது, ஆனா ப்ரெஷர்ல ஓடிக்கிட்டு இருக்கு.

இந்த மாதிரி லிவர வெட்டினா என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன். ஆபரேஷன் அழகா முடியும், கட்டி முழுசா வந்துடும், பேதாலஜி ரிப்போர்ட்டுல ஓரமெல்லாம் சுத்தம்னு வரும், எல்லாரும் சந்தோஷமா இருப்போம். நாலாவது நாள் வயித்துல நீர் கோக்கும், கண்ணு மஞ்சளாகும், அப்புறம் வாரக்கணக்குல அந்த மனுஷனும் நாங்களும் போராடுவோம். சிலர் மீண்டு வருவாங்க, சிலர் வர மாட்டாங்க. கேன்சர ஜெயிச்சு லிவர தோத்த கேஸ் அது, அத மறக்க முடியாது. நல்ல லிவர்ல நாலுல ஒரு பங்கு மிச்சம் வெச்சாலே போதும், அது திரும்ப வளந்துடும். சுருங்கின லிவர்ல குறைஞ்சது 40 சதவீதமாவது மிச்சம் இருக்கணும், அதுவும் போர்ட்டல் ப்ரெஷர் ஏறியிருந்தா அந்தக் கணக்கையும் நம்ப முடியாது.

இதுல கட்டி இருக்கிற இடமும் சேருது. உங்கப்பாவுக்கு ஓரத்துல, வெளிய துருத்திக்கிட்டு இருந்திருந்தா நானே "லேப்ராஸ்கோப்பியில ஒரு சின்ன துண்டு எடுத்துடலாம், லிவர் தாங்கும்"னு சொல்லியிருப்பேன், போர்ட்டல் ப்ரெஷர் இருந்தும் கூட. ஓரத்துல இருக்கிறத சுடுறதுலதான் சிக்கல், பக்கத்துல குடல், பித்தப்பை ஏதாவது இருந்தா அதுவும் சூடு வாங்கிடும். ஆனா உங்கப்பாவோடது நல்ல ஆழம். ஆழத்துல இருக்கிற 2.8 செ.மீ.ய எடுக்க மேல இருக்கிற நல்ல லிவர பெரிய துண்டா சேத்து வெட்டணும். கைப்பிடி மண்ணுக்காக பாதி வயல வெட்ட வேண்டி வரும். ஊசிக்கு அந்தப் பிரச்சனை இல்ல, ஆழமோ மேலோட்டமோ போற வழியில இருக்கிற லிவர் அப்படியே இருக்கும்.

ஊசிக்கும் ஒரு பிரச்சனை இருக்கு, அத மறைக்க மாட்டேன். கட்டி பெரிய ரத்தக்குழாய ஒட்டி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஓடுற ரத்தம் சூட்ட அள்ளிட்டுப் போயிடும், அதனால குழாய் பக்கமா இருக்கிற கட்டி ஓரம் சரியா வேகாம நின்னுடலாம். ஆத்தங்கரையில நெருப்பு வெச்சா தண்ணிப் பக்கத்து மண்ணு மட்டும் ஈரமாவே இருக்கும்ல, அது மாதிரி. ஆர்எஃப்ஏவுக்கு இந்தத் தொல்லை அதிகம், மைக்ரோவேவ் வேகமா, இன்னும் அதிக சூடு குடுக்கும்ங்கிறதால அதுல குறைவு. அதனால உங்க அப்லேஷன் டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, ஆர்எஃப்ஏவா மைக்ரோவேவா, குழாய் பக்கத்துல மார்ஜின் எவ்ளோ கிடைக்கும், இந்த மாதிரி இடத்துல இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களான்னு. கேக்கறதுக்கு சங்கடப்படாதீங்க, நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்வி கோபம் வராது. கட்டி எந்தக் குழாய ஒட்டியிருக்குங்கிறதும் முக்கியம். பித்தக்குழாய் எல்லாம் சேர்ற நடு இடத்துக்குப் பக்கத்துலன்னா சூடு பித்தக்குழாய சுட்டுடும், அது பெரிய தலைவலி, அங்க நான் ஊசிய சிபாரிசு பண்ணவே மாட்டேன்.

சுட்ட இடத்துலயே திரும்ப தலைதூக்குறதும் சர்ஜரிய விட அப்லேஷன்ல அதிகம்தான். ஆனா அத தோல்வின்னு எடுத்துக்காதீங்க. ஒரு மாசம் கழிச்சு சிடியோ எம்ஆர்ஐயோ எடுப்பாங்க, ஓரத்துல மிச்சம் தெரிஞ்சா அதே ஊசியால திரும்ப சுடலாம், லிவர் அதுக்கு இடம் கொடுக்கும். வெட்டின லிவர திரும்ப திரும்ப வெட்டறது அவ்ளோ சுலபம் இல்ல. திரும்ப வரக்கூடிய நோய்ல திரும்ப பண்ணக்கூடிய வைத்தியம் கையில இருக்கிறது பெரிய விஷயம்மா, தம்பிக்கு இத எடுத்துச் சொல்லுங்க.

சர்ஜரியில மட்டும் கிடைக்கிற ஒன்னும் இருக்கு. கட்டிய முழுசா வெளிய எடுத்தா மைக்ராஸ்கோப்புல வெச்சு சின்ன ரத்தக்குழாய்க்குள்ள கேன்சர் நுழைஞ்சிருக்கான்னு பாக்க முடியும், நுழைஞ்சிருந்தா திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம்னு முன்கூட்டியே தெரியும், இன்னும் கவனமா இருக்கலாம். சுட்டுட்டா அந்தத் தகவல் அதோட சேந்து போயிடும். நல்ல லிவர், போர்ட்டல் ப்ரெஷர் இல்ல, பிளேட்லெட் ஒன்றரை லட்சம்னு ஒருத்தர் இதே 2.8ஓட வந்தா நான் சர்ஜரி பக்கம் பேசுவேன், இது அதுல ஒரு காரணம்.

கட்டிக்குப் போற ரத்தக்குழாய்ல மருந்து விட்டு அடைக்கிற டேஸ்னு ஒன்ன பத்தியும் யாராவது சொல்லுவாங்க. நல்ல லிவருக்கு ரத்தம் முக்கால்வாசி போர்ட்டல் வெயின்லேர்ந்து வருது, கட்டி மட்டும் ஆர்ட்டரிய நம்பி இருக்கு, அதனால ஆர்ட்டரிய அடைச்சா கட்டி பட்டினி கிடக்கும். அருமையான யோசனை, ஆனா அது முக்கியமா நிறைய கட்டி இருக்கிறவங்களுக்கு. ஒத்த 2.8க்கு டேஸ் மட்டும் பண்ணி நிறுத்திடுறேன்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க. சில சமயம் அப்லேஷனுக்கு முன்னாடி ரத்த ஓட்டத்த குறைக்க சேத்துப் பண்ணுவாங்க, அது சரி.

நீங்க கேக்காத ஒன்னையும் சொல்லணும், டிரான்ஸ்பிளான்ட். கட்டியையும் எடுத்து, நான் முன்னாடி சொன்ன மண்ணையும் மாத்துறது அது ஒன்னுதான். 1996ல இத்தாலியில மிலன் நகரத்துல ஒரு அளவு சொன்னாங்க, ஒத்தக் கட்டின்னா 5 செ.மீ. வரைக்கும், இல்லன்னா 3 கட்டி ஒவ்வொன்னும் 3 செ.மீ.க்குள்ள, பெரிய ரத்தக்குழாய்க்குள்ள நுழையாம இருக்கணும். அப்படிப்பட்டவங்களுக்கு மாத்தினதுல 4 வருஷத்துல நாலுல மூணு பேர் உயிரோட இருந்தாங்க. உங்கப்பா அந்த அளவுக்குள்ள இருக்காரு. இன்னைக்கே லிவர் மாத்தணும்னு நான் சொல்லல, லிவர் நல்லா வேல செய்யும்போது பெரும்பாலும் யாரும் அதுக்கு அவசரப்பட மாட்டாங்க. ஆனா டிரான்ஸ்பிளான்ட் பண்ற ஒரு டீம் அவர ஒரு தடவ பாத்து வெக்கட்டும், கேன்சர் திரும்ப வந்தா அந்தக் கதவு திறந்திருக்கணும்.

அதுக்கு முன்னாடி சிடி மட்டும் எடுத்திருந்தா ஒரு எம்ஆர்ஐ எடுக்க முடியுமான்னு கேளுங்க. ஒத்தக் கட்டின்னு நெனச்சு ஊசி போட்டுட்டு, அப்புறம் 1 செ.மீ.ல இன்னொன்னு அப்பவே இருந்திருக்குன்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடும். அப்புறம் அந்த சர்ஜனையும் அப்லேஷன் டாக்டரையும் லிவர் டாக்டரையும் ஒரே ஸ்கேன ஒரே நேரத்துல உக்காந்து பாக்க வெக்க முடியுமான்னு பாருங்க, ட்யூமர் போர்டுன்னு கேட்டா புரியும். தனித்தனியா கேட்டா தனித்தனி பதில்தான் கிடைக்கும், நீங்க நடுவுல நின்னு தீர்ப்பு சொல்ற நிலைமை வரக்கூடாது. படத்த பாக்காம நான் சொல்ற பதிலுக்கு மேல அவங்க சேந்து சொல்ற பதில்தான் நிக்கணும்.

ஊசிதான்னு முடிவானா, பெரும்பாலும் ஒன்னு ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடுவாரு. மயக்கம் கொடுத்துப் பண்ணுவாங்க. சில நாள் லேசா காய்ச்சல், வலது பக்கம் வலி, உடம்பு அசதி இருக்கும், செத்த திசு வெளியேறுறதுக்கு உடம்பு கொடுக்கிற பதில் அது. குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் ஏறினா, வயிறு உப்பினா, கண்ணு மஞ்சளானா, மலம் தார் மாதிரி கறுப்பா போனா நடு ராத்திரின்னாலும் கெளம்பிடுங்க. ஒரு மாச ஸ்கேனுக்கு அப்புறம் முதல் ரெண்டு வருஷம் 3 மாசத்துக்கு ஒரு தடவ, அதுக்கப்புறம் 6 மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன். "நல்லாத்தான இருக்கேன்"னு அப்பா தள்ளிப் போடுவாரு, விடாதீங்க. சின்னதா இருக்கும்போதே பிடிச்சா திரும்ப ஊசியிலயே முடிச்சுடலாம்.

வைரஸ விட்டுடாதீங்க. ஹெபடைடிஸ் பிய அடக்குற டெனோஃபோவிரோ என்டெகாவிரோ ஆரம்பிச்சாச்சான்னு நீங்க எழுதல. ஆரம்பிக்கலன்னா சர்ஜரியா ஊசியான்னு முடிவாகிறதுக்கு முன்னாடியே அத ஆரம்பிக்கச் சொல்லி கேளுங்க. தினமும் ஒரு மாத்திரைதான், ஆனா மண்ணு மேல கெட்டுப் போகாம தடுக்கிறதும், கேன்சர் திரும்பற வாய்ப்ப குறைக்கிறதும் அதுதான். டாக்டர் சொல்லாம ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, திடீர்னு நிறுத்தினா வைரஸ் வெறி பிடிச்ச மாதிரி எழும்பி லிவரயே காலி பண்ணிடும், அத கண்ணால பாத்திருக்கேன்.

அப்பாகிட்ட சொல்லாதது பத்தி. நீங்க பாசத்துலதான் மறைக்கிறீங்க, எனக்குத் தெரியும். ஆனா ஊசியோ கத்தியோ படப் போறது அவர் உடம்புல, கையெழுத்து போடப் போறதும் அவரு. என் அனுபவத்துல பெரும்பாலான அப்பாக்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், பிள்ளைங்க கஷ்டப்படக்கூடாதுன்னு தெரியாத மாதிரி இருப்பாங்க. ரெண்டு பக்கமும் தனித்தனியா அழுதுட்டு இருப்பீங்க. "கட்டி கேன்சர்தான்பா, ஆனா சின்னதுலயே தெரிஞ்சிடுச்சு, குணமாக்கணும்னுதான் வைத்தியம் பண்றாங்க"ன்னு சொல்லுங்க, அதுல ஒரு வார்த்தையும் பொய் இல்ல. சொல்ல முடியலன்னா உங்க டாக்டர் சொல்லட்டும், நீங்க பக்கத்துல கைய பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. அப்புறம் ரெண்டு வழியையும் அவர்கிட்டயே விளக்கிட்டு "உங்களுக்கு எதுப்பா மனசுக்கு சரின்னு படுது"ன்னு கேளுங்க. ரெண்டும் ஏறக்குறைய சமமா இருக்கிற இடத்துல அவர் வாக்குக்குத்தான் கனம் அதிகம்.

கடைசியா உங்களுக்கு. ஹெபடைடிஸ் பி ஒரு வீட்டுக்குள்ள ஒருத்தர்கிட்ட மட்டும் நிக்கணும்னு இல்ல, அறிகுறியே காட்டாம முப்பது நாப்பது வருஷம் உள்ள உக்காந்திருக்கும், அப்பாவுக்கு இருந்த மாதிரியே. அம்மா, நீங்க, தம்பி மூணு பேரும் இந்த வாரமே ரத்தம் குடுத்துட்டு வாங்க. இருந்தா உங்களுக்கு இப்பவே மருந்தோ கண்காணிப்போ ஆரம்பிச்சுடலாம், இல்லன்னா மூணு ஊசி தடுப்பூசி போட்டுக்கலாம். அப்பாவோட எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்ததும் கட்டி எந்தக் குழாய ஒட்டியிருக்குன்னு பாத்து எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கம்மா.